மச்சான் கொடுத்த பெட்டி

ஹவானா,
செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு.

பாசத்துக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் செர்வாந்தோ அவர்களுக்கு, உங்கள் தங்கை நெரெய்தாவின் கணவன் எவேலியோ அரென்சிபியா வணங்கி எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லோரும் இங்கே நலம் என்று தொடங்குவது முறை, அதனால் அப்படியே தொடங்கிவிட்டேன். உங்கள் இடது முழங்காலும், உங்கள் வீட்டு ஃபெலிப்பா அக்காவின் சர்க்கரையும், உழவு மாடுகள் இரண்டும், இந்த வருஷத்து நாற்றும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் சான் ஹுவானில் போன் கூட்டுறவுச் சங்கத்து வராந்தாவில் இருக்கிறது. நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அங்கே வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பேர் அதை உங்களுக்கு முன்னால் கேட்டுவிட்டு, உங்களைக் கூப்பிட்டு ஆறுதலும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அப்படி நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அவமானம் என்னோடு இருக்கட்டும்.

மச்சான், பெட்டி போய்விட்டது. அதாவது பெட்டி இருக்கிறது. உள்ளே இருந்தது போய்விட்டது.

எந்தப் பெட்டி என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். எங்கள் ஒதாலிஸ் பிறந்த வருஷம், ஊரில் சோப்புக்கும் எண்ணெய்க்கும் திண்டாடிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், உங்கள் கொட்டகைப் புகையிலையில் உங்கள் கையாலேயே இருபத்தைந்து சுருட்டு சுற்றி, தேவதாரு மரப் பெட்டியில் அடுக்கி, காகிதம் ஒட்டி மூடினீர்களே, அந்தப் பெட்டி. பெண் பிறந்த அன்று மூடிய பெட்டியை அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பது உங்கள் வீட்டு வழக்கம். பெண்ணைப் பெற்றவன் முதல் சுருட்டைப் பற்றவைக்க வேண்டும், பாதி சுருட்டு சாம்பலாகும்வரை இருமாமல் குடிக்க வேண்டும், அதுவரை கல்யாண வீட்டில் ஒருவரும் ரம்மைத் தொடமாட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் உங்கள் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ காற்று வாங்குகிறவர் மாதிரி பாதியை முடித்துவிட்டு, அடுத்ததை மாப்பிள்ளையான என் கையில் கொடுத்தார். நான் இருமினேன். பாட்டு ஆரம்பித்து, நடனம் முடிந்து, பன்றி இறைச்சி பரிமாறி முடிக்கும்வரை இருமினேன். இருபத்தெட்டு வருஷமாக சான் ஹுவானில் என் பெயர் எவேலியோ இல்லை, இருமல் மாப்பிள்ளை. போன தடவை வந்தபோது பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த கல்யாணம் அது.

இந்த ஜனவரியில், நான் ஓய்வு பெற்ற மாதத்தில், அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் வைத்தீர்கள். "இந்தா மாப்பிள, கல்யாணம் வர்ற வருசம், இனிமே இது ஒன் பொறுப்பு" என்றீர்கள். "மூடின பெட்டிய மூடினபடியே வெச்சிருக்க ஒரு அறிவும் வேணாம்" என்றும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே சனிக்கிழமைதான் இருக்கிறது மச்சான், இப்போது என்னால் சிரிக்க முடியவில்லை.

எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. என் வேலை உங்களுக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷம் சுருட்டுத் தொழிற்சாலையில் மேடை ஏறி உட்கார்ந்து, கீழே சுற்றுகிறவர்களுக்குக் காலையில் பேப்பரும் மத்தியானம் நாவலும் வாசித்தேன். பிடித்தால் அவர்கள் தங்கள் அரைவட்டக் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். இருநூறு பேர் விடும் புகைக்கு நடுவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் கல்யாணத்தன்று இருமிய அந்த ஒன்றைத் தவிர ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை, ஏனென்றால் எனக்குச் சோறு போட்டது குரல். ஓய்வு பெற்ற பிறகு குரலை வைத்து என்ன செய்யப்போகிறேன்? பெண் கல்யாணத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால், சியென்ஃபுவேகோசிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் முன்னால், இருமாமல் பாதி சுருட்டைக் குடித்துக் காட்ட வேண்டும், அந்தப் பெயரை அங்கேயே புதைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பத்து மாதம் இருந்தது. பத்து மாதத்தில் குழந்தைகள் நடக்கக் கற்றுக்கொள்கின்றன.

பழகுவதற்குச் சுருட்டு இருந்தது. வழியனுப்பும் நாளில் தொழிற்சாலையில் சுற்றுகிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் போட்டு ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அறிவுக்கும் குறைச்சல் இல்லை. சுருட்டு வளர்ப்பும் சுற்றுதலும் குடித்தலும் பற்றிய கையேட்டை வருஷத்துக்கு ஒரு முறையாவது மேடையில் முழுசாக வாசித்திருக்கிறேன், எனக்கு அது தலைகீழ்ப் பாடம். தலையை வெட்டு, காலைப் பற்றவை என்று அதில் இருக்கிறது. முதல் நாள் மொட்டைமாடிக்குப் போய், வெட்டி, பற்றவைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தேன். புகையே வரவில்லை, கன்னம்தான் உள்ளே போனது. அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, வாயில் வைக்கும் முனைதான் தலையாம், நான் காலை வெட்டித் தலையைப் பற்றவைத்திருக்கிறேன். கையேட்டில் படம் போட்டிருந்தார்களாம். வாசிக்கிறவன் எதற்குப் படத்தைப் பார்ப்பான்? இரண்டாவதைச் சரியாகப் பிடித்தேன். புகையை வாயில் வைத்திரு, விழுங்காதே என்ற வரி எனக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் விழுங்கிய பிறகு வந்தது. நான் இருமிய இருமலில் கீழே தெருக் கூட்டிக்கொண்டிருந்த பாசிலியோ அண்ணாந்து பார்த்து, "மேல யாருய்யா கழுதைய ஏத்திவிட்டது?" என்று கேட்டான். அன்று முழுவதும் படுத்திருந்தேன். நெரெய்தா எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "முப்பத்துநாலு வருசம் படிச்சுக் காட்டினீங்களே, அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

குடிக்க வராதவன் என்ன செய்வான், சேகரிப்பான். நானும் சேகரிப்பாளன் ஆனேன். பழைய சிநேகிதர்களிடம் ஒவ்வொரு வகையிலும் ஒன்று கேட்டு வாங்கினேன், ஒவ்வொன்றுக்கும் சுற்றியவர் பெயரும் தேதியும் எழுதிச் சீட்டு ஒட்டினேன், பக்கத்து வீட்டார் வந்தால் அலமாரியைத் திறந்து காட்டினேன். அவர்களும் ஒரு முறை பார்த்தார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது அடுப்பில் பால் இருக்கிறது என்றார்கள். என் சேகரிப்பில் எல்லாம் போன மாதத்துச் சரக்கு, மச்சான். அலமாரிக்கு மேலே இருபத்தாறு வருஷத்துச் சரக்கு மூடிக்கிடக்கிறது, கீழே நான் போன மாதத்துச் சரக்குக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? நான் ஜூன் மாதம்வரை தாங்கினேன்.

ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். காகிதம் அழகாக, கிழியாமல் உரிந்து வந்தது. இருபத்தாறு வருஷம் ஆகியும் பசை இப்படி இளக்கமாக இருக்கிறதே, இதுதான் பழைய கால வேலை என்று மனதுக்குள் உங்களைப் பாராட்டினேன். உள்ளே இருந்தவற்றில் ஒன்றை எடுத்து விரலால் லேசாக அமுக்கினேன். மொறுமொறுவென்றது. காய்ந்துவிட்டது, கல்யாணத்துக்குள் செத்துவிடும் என்று பயந்துபோனேன். ஈரம் கொடு என்று கையேடு சொல்கிறது. எவ்வளவு ஈரம் என்றும் சொல்லியிருக்கும், ஆனால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். நெரெய்தா குளிக்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பத்தாம் நாள் திறந்தால் எல்லாச் சுருட்டின் மேலும் வெள்ளைப் படலம். முதிர்ந்த நல்ல சுருட்டில் மெல்லிய வெண்பூச்சு பூக்கும் என்று நான் நூறு முறை வாசித்திருக்கிறேன். எனக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த வாரம் அந்த வெண்பூச்சுக்குப் பச்சை முடி முளைத்தது.

ரம்மைத் துணியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் கண்ணில் பட்டன. வண்டு. பூஞ்சணமும் வண்டும் ஒரே பெட்டியில், ஒரே மாதத்தில், ஒரே முட்டாளின் வீட்டில். வண்டுக்குக் குளிர்தான் மருந்து என்று கையேட்டின் இன்னொரு பக்கம் சொல்கிறது, அதனால் பெட்டியைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில், நெரெய்தா ஒதாலிஸுக்காக வாங்கி வைத்திருந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கென்று பார்த்துக் காலையில் போன கரண்டு மறுநாள் மத்தியானம்தான் வந்தது. மீனின் ஐஸ் உருகி, தண்ணீர் இறங்கி, பெட்டிக்குள் தங்கிவிட்டது. இப்போது இருபத்தைந்து சுருட்டும் மீன் வாசனையோடு ஊறிக்கிடக்கின்றன. என்ன செய்ய? மொட்டைமாடிக் கொடியில் துணிக் கவ்விகளை மாட்டி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் கல்யாணப் பெண்ணின் உள்பாவாடை, ஒரு பக்கம் அவள் கல்யாணச் சுருட்டு. ஒதாலிஸ் மேலே வந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "அப்பா, இது மாமா கொடுத்த பெட்டிதானே?" என்றாள். நான் காற்றுக் காட்டுகிறேன் என்றேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் பாவாடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலு சுருட்டைப் பூஞ்சணமும் வண்டும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. காய்ந்ததில் ஒன்று வெடித்துவிட்டது. மிச்சமாவது தேறுமா என்று கேட்க ஒன்றை எடுத்துக்கொண்டு எர்மினியாவிடம் போனேன். நாற்பது வருஷம் சுற்றியவள், எங்கள் தொழிற்சாலையில் அவள் மூக்குக்கு மேனேஜரே பயப்படுவார். அவள் வாங்கி, முகர்ந்து, நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து, என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, யார் சொன்னது இது இருபத்தாறு வருசம்னு?"

"என் மச்சான் கையால சுத்தினது, எர்மினியா."

"இது ரெண்டு வருசத்துச் சரக்கு. மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கு மேல மீன் குழம்பு."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த கத்தியைத் தரையில் போட்டாள். முப்பத்துநாலு வருஷ வாசிப்பில் எனக்கு ஒரே ஒரு முறைதான் கத்தி விழுந்திருக்கிறது, அதுவும் நான் ஒரு பக்கத்தைத் தாண்டி வாசித்துவிட்டதால். நான் சுருட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். இருபத்தாறு வருஷம் முதிர்ந்த ஒன்றை இரண்டே மாதத்தில் இரண்டு வருஷத்துச் சரக்காக ஆக்கிவிட்டேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கெடுப்பதிலும் ஒரு திறமை வேண்டும் மச்சான், அது எனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் பத்தொன்பதோ இருபதோ மிஞ்சியிருக்கும், பார்க்கிறவர்களுக்காவது பெட்டி நிறைந்திருக்கும். நான் மனம் வெறுத்து அதை அலமாரி மேல் வைத்துவிட்டு மூன்று மாதம் கிட்டப் போகவில்லை. போன திங்கட்கிழமை, கல்யாணம் நெருங்குகிறதே என்று எடுத்தால் கை லேசாக எழும்பியது. உள்ளே ஐந்து. கதவுக்குப் பின்னால் எங்கள் எலெகுவா சாமி உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும், சோழிக் கண்ணோடு, உங்கள் அம்மா கொடுத்ததுதான். அவருக்கு முன்னால் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. மீன் வாசனை வந்தது.

"நெரெய்தா, அந்தச் சுருட்டு எங்க இருந்து எடுத்த?"

"பெட்டில இருந்துதான். கல்யாணம் தடங்கல் இல்லாம நடக்கணும்னு ஆகஸ்டுல வேண்டிக்கிட்டேன், திங்களுக்கு ஒண்ணு."

"அது ஒதாலிஸ் கல்யாணத்துக்குன்னு வெச்சதுடி."

"ஒதாலிஸ் கல்யாணத்துக்குத்தானே போகுது?"

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. தேங்காய்ச் சில்லு நாலைப் போட்டுச் சாமியிடம் திருப்தியா என்று கேட்டாளாம், ஒவ்வொரு திங்களும் நாலும் கருப்புப் பக்கமாக விழுந்து இல்லை இல்லை என்றே சொன்னதாம். "அவருக்குப் போதலையோன்னு அடுத்த வாரமும் வெச்சேன்" என்றாள். இப்படிப் பதினாலு திங்கள். சாமிக்குக் காட்டிய பிறகு நாற்சந்தியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று தெரிந்தும், அன்றையதை அவள் வைத்துவிட்டு வந்ததும் நான் நாற்சந்திக்கு ஓடினேன், அப்படி ஒரு பாவமும் பாக்கி இருக்க வேண்டாம் என்று. அங்கே பாசிலியோ விளக்குமாற்றின் மேல் சாய்ந்துகொண்டு அன்றைய சுருட்டை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தான். "உங்க வீட்டுச் சாமிக்கு நல்ல மனசு சார். நமக்குப் பழகின ருசியாவே போடுறாரு" என்றான்.

இதுதான் நிலைமை. பெட்டியில் ஐந்து இருக்கிறது, அதில் ஒன்று கோணல். நேற்று ஒதாலிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க இருமினாலும் எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள். அவளுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது. அவள் பிறந்த அன்று உங்கள் கையால் சுற்றியது ஒன்றாவது அவள் கல்யாணத்தில் புகைய வேண்டும், அதை இருமாமல் நான் குடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு ஆசைப்பட்டேன். இரண்டில் ஒன்றுகூட என்னால் முடியவில்லை. பத்து மாதப் பழக்கத்துக்குப் பிறகும் மூன்று இழுப்பில் இருமல் வருகிறது, இது இருபத்தாறு வருஷத்துச் சரக்கு, கெடுத்துவிடாதே என்று நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். தொண்டை வலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், நெரெய்தா நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைப்பாள். நீங்கள் வந்து எல்லோர் முன்னாலும் என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். கல்யாணத்துக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், பெண் தாங்கமாட்டாள்.

ஃபெலிப்பா அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. மாடுகளைத் தட்டிக்கொடுங்கள். உங்கள் முழங்காலுக்கு நெரெய்தா ஒரு களிம்பு அனுப்புவாள், அதைச் சாமியிடம் வைத்துக் கேட்டுவிட்டு அனுப்புவதாகச் சொல்கிறாள்.

தலை நிமிர முடியாத உங்கள் மாப்பிள்ளை,
எவேலியோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மாப்பிள, இத ஃபெலிப்பாவுக்குத் தெரியாம எழுதுறேன். ஒதாலிஸ் பெட்டிய நான் மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் தூக்கினா எடையே இல்ல. தெறந்தா வண்டும் தூளும்தான். அறுபது வருசமா புகையிலையில கெடக்குறவன், இத யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? அந்த வருசப் புயல்ல கொட்டகையும் போச்சு, கையில சொந்த எல ஒண்ணும் இல்ல. சங்கத்துக் கடையில இருபத்தஞ்சு வாங்கி அடுக்கி, ஜனவரியில காகிதத்த ஒட்டி, ஒன் கையில குடுத்தேன். கெட்டுப்போனா நீ கெடுத்ததா இருக்கட்டும்னுதான் குடுத்தேன். இப்ப தூக்கம் வரல. நீ அத உசுரா பாத்துக்குவே, அதான் என்னக் கொல்லுது."

படித்ததும் என் கடிதத்தைக் கிழித்துவிட்டு, உங்களை மன்னித்துப் பெரிய மனிதனாக நாலே வரி எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டு வரி எழுதியும் விட்டேன். பின்னால் நின்ற நெரெய்தா, "மொதல்ல எழுதினதையே போடுங்க. எங்கண்ணன் மட்டும் எதுக்குத் தனியா அழணும்?" என்றாள். எர்மினியாவின் மூக்குக்கும் சாமியின் தேங்காய்ச் சில்லுக்கும் முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் மொட்டைமாடிக்குப் போய், அந்தக் கோணல் சுருட்டை எடுத்து, சரியான பக்கத்தை வெட்டி, பற்றவைத்தேன். கடைச் சரக்குதானே, போனால் போகட்டும் என்று குடித்தேன். பாதியைத் தாண்டி, விரல் சுடும்வரை குடித்தேன். ஒரு இருமல் வரவில்லை, மச்சான். பாசிலியோ கீழே நின்று பார்த்துவிட்டு விளக்குமாற்றுக் கட்டையால் தரையைத் தட்டினான்.

கல்யாணத்துக்கு வரும்போது அதே சங்கத்துக் கடையில் இருபத்தொன்று வாங்கி வாருங்கள், பெட்டியை நாம் இருவரும் சேர்ந்து ஒட்டுவோம், வெளியே மூச்சு விட வேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். மனசு கேட்காமல் எங்காவது அலைந்து நல்ல சுருட்டாகக் கொண்டுவந்துவிடாதீர்கள். நல்லது என்று தெரிந்தால் எனக்கு இருமல் வந்துவிடும்.